வேறு கூட்டத்து ரத்தம்

ஆத்தாயி என்ற பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் வந்து உட்கார்ந்தபோது அவள் ஊரான எருமப்பட்டியில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊசி போடாத, மருந்து எழுதித் தராத டாக்டர் என்ன டாக்டர்? "எலிக்கு வைத்தியம் பாக்கறாளாமா" என்று சிரித்தார்கள். அதில் பாதி உண்மைதான். எழுபத்தேழில் சென்னையில் ஆராய்ச்சியை முடித்துவிட்டு வந்தவள், ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்கும் கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே இருந்தவை ஒரு மைக்ராஸ்கோப், ஒரு பழைய எக்ஸ்ரே மெஷின், அடிக்கடி மூச்சு நின்றுபோகும் ஒரு ஃபிரிட்ஜ், கூண்டு கூண்டாக வெள்ளெலிகள்.

எலும்பு மஜ்ஜையில் ஒளிந்திருக்கும் மூல செல்களைத் தேடுவது அவள் வேலை. ரத்தத்தில் உள்ள அத்தனை அணுக்களும் அந்த விதையிலிருந்து முளைப்பவைதான். எக்ஸ்ரே கதிரை அதிகமாகப் பாய்ச்சி ஓர் எலியின் மஜ்ஜையைக் கருக்கினால் சில நாளில் அது செத்துவிடும். கூடப் பிறந்த எலியின் மஜ்ஜையை ஊசியில் ஏற்றினால் பிழைத்துக்கொள்ளும். பல தலைமுறையாக அண்ணனையும் தங்கையையுமே இணைசேர்த்துப் பெருக்கிய எலிகள் அவை. அதனால் ஒன்றின் மஜ்ஜையை இன்னொன்றின் உடம்பு தள்ளுவதில்லை. இதை எவ்வளவு தடவை செய்தாலும் ஆத்தாயிக்கு அலுக்காது. சாகக் கிடந்த எலி எழுந்து கடலையைக் கொறிக்கும்போது, பந்தயத்தில் ஜெயித்தவளைப் போல ஒரு சிரிப்பு வரும்.

எழுபத்தொன்பதில் இன்னொரு வேலையும் சேர்ந்தது. தலசீமியா என்றொரு ரத்தநோய் இந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்குப் பாதிக் குறை இருக்கும். அவர்களை அது ஒன்றும் செய்யாது. ஏர் ஓட்டுவார்கள், தறி ஓட்டுவார்கள், வயதாகிச் சாவார்கள். ஆனால் இரண்டு பாதியும் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால் அந்தப் பிள்ளை தப்பாது. பிறக்கும்போது அதுவும் சிவந்துதான் இருக்கும். கருவில் ஊறிய ரத்தம் தீரத் தீர, ஆறேழு மாதத்தில் வெளுத்து, வயிறு உப்பிவிடும். அப்புறம் ஊரார் ரத்தத்தைக் கடன் வாங்கித்தான் நாளைத் தள்ளவேண்டும்.

மோகனூரிலிருந்து ராசிபுரம் வரை ஆராய்ச்சிக்கூடத்து ஜீப்பில் அலைந்து ரத்தம் எடுத்தாள். எடுக்குமுன் புருஷன் பெண்சாதியிடம் ஒரு கேள்வி கேட்பாள்: "ரெண்டு பேரும் ஒரே கூட்டமா?"

"ஐயோ, ஒரே கூட்டத்துல யாருங்க கட்டுவாங்க? பங்காளி முறையாயிருமுங்களே. நாங்க வேற கூட்டமுங்க!"

கூட்டம் என்பது தகப்பன்வழி வம்சம். ஒரே கூட்டத்தார் அண்ணன் தங்கை மாதிரி. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். அங்கே பெண் எடுக்கலாம், அதுவே உரிமை. 'வேறு கூட்டம்' என்று கேட்டதும் ஆத்தாயி நிம்மதியாக 'உறவில்லை' என்று குறித்துக்கொள்வாள். பிள்ளைக்குப் பாதி தாயிடமிருந்து வருகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுப் பாடம் எடுத்தவள் அவள். ஆனால் பிறந்த நாளிலிருந்து காதில் விழுந்த கணக்கு வேறு. படிப்பு மண்டையில் இருந்தது, ஊர்க் கணக்கு ரத்தத்தில் இருந்தது. எண்பதில் அவளே தாய்மாமன் மகன் அர்த்தநாரியைக் கட்டிக்கொண்டாள். ஊரைத் தோண்டிப் பார்த்தவள் தன் வீட்டு வாசலை மட்டும் பார்க்கவில்லை. எனக்கு அவள் மேல் வருகிற கோபமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும், ஒப்பிட்டுப் பார்க்க, குறையில்லாத ரத்தம் ஒன்று பக்கத்தில் வேண்டும். ஆத்தாயி தன் விரலையே குத்திக் கொடுத்தாள். முடிவு கோணலாக வந்தது. மருந்து கெட்டுவிட்டது என்றாள். புது மருந்து வாங்கியும் கோணல். உதவியாளைத் திட்டினாள், தண்ணீரைக் குறை சொன்னாள். கடைசியில் ஜீப் டிரைவரின் ரத்தத்தை வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக வந்தது. "அப்பாடா" என்று தன் குழாயைக் கழுவி ஊற்றினாள். அதற்குப் பிறகு டிரைவர்தான் அங்கே சுத்த ரத்தக்காரர்.

எண்பத்திரண்டில் வயிற்றில் பிள்ளை உண்டானது. சோகை இருக்கிறதென்று ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. ஒரு மத்தியானம் தன் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாள். சிவப்பணுக்கள் எல்லாம் சிறுத்து வெளிறிக் கிடந்தன. கழுவி ஊற்றிய குழாய்கள் ஒவ்வொன்றாக அவள் நினைவுக்கு வந்தன.

அடுத்த சனிக்கிழமை அர்த்தநாரி ஊரில் நடத்திய கோழிப்பண்ணைக்குப் போய் அவன் கையைப் பிடித்து ரத்தம் எடுத்தாள். அவனுக்கும் அதேதான்.

"ரெண்டு பேருக்கும் இருந்தா என்ன ஆகும்?" என்றான் அவன்.

"நாலுல ஒண்ணுக்கு முழுசா வரும், மாமா. வயித்துல இருக்கறப்பவே பாக்கறதுக்கு நம்ம பக்கத்துல வழியில்ல."

குஞ்சு பொரிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் அவன். "அப்ப மூணு பங்கு நம்ம பக்கம்தானே, அம்முணி? இதுக்கா அழுவறே? அம்மாகிட்ட மட்டும் வாயைத் தொறக்காத. வெசனத்துலயே படுத்துரும்."

அவள் வாயைத் திறக்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. செக்கச்செவேல் என்று, எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி அழுதது. மாமியார் குப்பாயி பேத்தியைத் தரையில் விடவில்லை. "என்ர சாமி, என்ர தங்கம்" என்று கொஞ்சிக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் எல்லாம் நிறத்தைப் புகழ்ந்தார்கள். அந்தச் சிவப்பு கருவில் ஊறியது, எத்தனை மாதத்துக்குத் தாங்கும் என்று ஆத்தாயிக்குத் தெரியும். பிள்ளையின் கீழிமையை இழுத்துப் பார்க்கக் கை போகும், பாதியில் திரும்பிவிடும். அடுத்த வாரம் சோதிக்கலாம் என்று தள்ளிப்போட்டாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள்.

ஏழாம் மாதம் மோகனூர் ஆற்றங்கரையில் முடியிறக்கிக் காது குத்த நாள் குறித்தார்கள். சொந்தமெல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கியது. கிடாக்கறி கொதித்தது. மொட்டை போட்டுச் சந்தனம் தடவுவதற்கு முன் குழந்தையின் தலை வெயிலில் தெரிந்தது. மெழுகு நிறம். குப்பாயி "வெயிலுக்கு வாடிப்போச்சு" என்றாள்.

தாய்மாமன் மடியில்தான் காது குத்தவேண்டும். ஆத்தாயியின் தம்பி அப்புசாமி பட்டுவேட்டி கட்டி, பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்தான். ஆசாரி தங்கக் கம்பியைச் செருகினார். குழந்தை வீரிட்டு அழவில்லை, முனகியது. காது மடலில் ஒரு சொட்டு துளிர்த்து வழிந்தது. தாம்பூலம் போட்ட வாயைக் கொப்பளித்த தண்ணீர் போல, பின்னால் இருக்கும் தோல் தெரிகிற மாதிரி, அவ்வளவு வெளிறிய ரத்தம். ஆத்தாயி கைப்பையிலிருந்து, மைக்ராஸ்கோப்பில் வைக்கும் ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்து அதில் அந்தச் சொட்டை ஏந்தினாள். அந்தச் சில்லை அவள் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தாள்.

"என்னக்கா பண்றே?" என்றான் அப்புசாமி.

அவள் எல்லோர் முன்னாலும் உடைந்து அழுதாள். அழுதபடியே சொன்னாள். நோயின் பெயரை, அது செய்வதை, அது தன்னிடமும் அர்த்தநாரியிடமும் இருப்பதை. "கூட்டம்தான் வேற. எங்கம்மாவும் என்ர மாமனாரும் ஒரு வயித்துல பொறந்தவங்க. எனக்கும் அவரு மகனுக்கும் ஒரே ரத்தம். மஜ்ஜை ஏத்துனா ஒருவேளை பொழைக்கும். சொந்தத்துல யாருதாச்சும் பொருந்தலாம். எல்லாரும் கொஞ்சம் ரத்தம் குடுங்க. பாத்துரலாம்."

ஒரு கையும் நீளவில்லை. நம் வீட்டிலும் இருக்கிறதென்று தெரிந்துவிட்டால் நம் பெண்ணை யார் கட்டுவார்கள்? அந்த யோசனை ஒவ்வொரு முகத்திலும் ஓடுவதை அவள் பார்த்தாள். பந்திக்கு இலை போடச் சொல்லி யாரோ அவசரமாகக் குரல் கொடுத்தார்கள்.

குப்பாயி மட்டும் அருகில் வந்தாள். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"வயித்துல இருக்கறப்பவே, அத்தை."

குப்பாயி அப்புசாமியிடமிருந்து குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டு, முந்தானையால் அதன் காதைத் துடைத்தாள்.

"இனிமே புள்ளை என்ர கிட்டயே இருக்கட்டும். நீ போயி உன்ர எலிகளப் பாரு."

உண்மையை மறைக்கச் சொன்ன அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டான்.

திங்கட்கிழமை ஆத்தாயி கண்ணாடிச் சில்லைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு சேலம் பஸ் ஏறினாள். வேலையை விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். ஆனால் பிள்ளைக்கு ஒரு வழி இருக்கிறதென்றால் அது அந்த எலிக்கூண்டில்தான் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூடத்தின் கதவைத் திறந்ததும் நேராகக் கூண்டுகளிடம் போனாள். போன வாரம் சாகக் கிடந்தவை எல்லாம் உடன்பிறந்தவற்றின் மஜ்ஜையில் உயிர் பெற்று, கம்பியைப் பிடித்து எழுந்து நின்று தீனி கேட்டன. அவளுடைய குழந்தைக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை.