சின்னுச்சாமி அண்ணன் வாங்கிய கம்ப்யூட்டர்கள்

புது மானிட்டர் பெட்டியைப் பிரித்தால் தெர்மாகோலும் பிளாஸ்டிக்கும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள்... எனக்கு அதுதான் முதல் சம்பளத்தின் வாசனை.

தொண்ணூறுகளின் கடைசி. கோவை காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. முதலாளி கோட்டைமேட்டு இப்ராஹிம் பாய். பில் போடுவதும், வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் மாட்டிக் கொடுப்பதும் என் வேலை. கடைக்குப் பாதி முதல் போட்டவர் சோமனூரில் விசைத்தறி ஓட்டும் சின்னுச்சாமி அண்ணன். புதுத் தறிக்கு வைத்திருந்த பணத்தை, "இனிமே கம்ப்யூட்டருதானுங்க" என்று இங்கே போட்டுவிட்டார்.

முதல் வருஷம் நின்று பேச நேரமில்லை. அப்புறம் விற்பனை படுத்துவிட்டது. வாங்க வேண்டியவர்கள் வாங்கி முடித்திருந்தார்கள். வாங்கியவர்களோ உறை தைத்துப் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் பக்கத்திலேயே போவார்கள். அது எங்கே பழுதாவது, அவர்கள் எங்கே புதுசு வாங்குவது!

மாதா மாதம் அண்ணன் வருவார்.

"ஏனுங்க பாய், யாவாரம் எப்படிங்க?"

"பரவால்லீங்கண்ணா."

அவ்வளவுதான். போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்க அண்ணனுக்கு வாய் வராது. கடை படுத்ததைச் சொல்ல பாய்க்கு வாய் வராது. அண்ணன் வரும் அன்று காலிப் பெட்டிகளை எல்லாம் வாசல் பக்கம் அடுக்கச் சொல்வார் பாய், சரக்கு நிறைய இருப்பது போல. காபி குடிப்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள்... நானோ அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று அந்தக் காலிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஆனால் கிளம்பும்போது அண்ணன் ஒரு ஆர்டர் கொடுப்பார். "மச்சானுக்கு ஒண்ணு வேணுமுங்க." அடுத்த தடவை சகலைக்கு. அப்புறம் சம்பந்திக்கு. வந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அந்த விற்பனையில்தான் கடை மூச்சு விட்டது.

மாட்டிக் கொடுக்க மட்டும் யாரும் என்னைக் கூப்பிடவே இல்லை. ஒரு நாள் நானே சோமனூர் பஸ் ஏறினேன். மச்சான் வீட்டுக்கு வழி கேட்கலாம் என்று அண்ணன் வீட்டுக்குப் போனால்... தறி ஓடும் கொட்டகையில், நூல் மூட்டைக்குப் பக்கத்தில், எல்லாப் பெட்டிகளும் பிரிக்காமல் இருந்தன. ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டு.

அண்ணனின் மனைவி சிரித்துவிட்டார்.

"மச்சானுமில்ல, சகலையுமில்ல கண்ணு. பணத்தைக் கேட்டா பாய் மனசு நொந்துபோகுமாமா. யாவாரம் ஓடுனா அவராவே குடுப்பாருன்னு இவரே வாங்கி அடுக்கிப்போட்டாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பாயிடம் சொன்னேன். மறுநாள் காலையிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு சோமனூர் போனார். உட்காரக்கூட இல்லை.

"யாவாரமே இல்லீங்கண்ணா."

"தெரியுமுங்க பாய். நாந்தானுங்களே வாங்கிட்டிருக்கறேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தறிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெட்டிகள் அப்படியே கடைக்குத் திரும்பின. பின் அறையில் கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பித்தோம். நான்தான் டீச்சர். அண்ணன் கடைசி வரை கடையில் போட்ட தன் பங்கைத் திருப்பி எடுக்கவே இல்லை.

போன வாரம் செய்தியில் சொன்னார்கள், கம்ப்யூட்டர் விற்பனை குறைகிறதாம். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகன் போனை எடுத்து, தன்னிடமிருந்த கம்ப்யூட்டர் கம்பெனி ஷேரை விற்றான். தோசை ஆறுவதற்குள் வேலை முடிந்தது. தப்பென்று சொல்ல மாட்டேன், விவரமான பையன்.

"விக்கறேன்னு யாருகிட்டயாச்சும் சொல்ல வேண்டாமா கண்ணு?" என்று கேட்டேன்.

நிமிர்ந்து பார்த்தான்.

"யாருகிட்டம்மா?"