தங்க மீனுக்குப் பத்து நாள் தீனி

கைலாசபுரத்தில் என் தம்பி மகள் வீட்டில் ஒரு மீன் தொட்டி இருக்கிறது. போன வாரம் நான் அங்கே போனபோது குடும்பத்தோடு ஊட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்துத் தொட்டிக்குள் போட்டாள். பத்து நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுமாம், மீன் கொத்தித் தின்னுமாம், பக்கத்து வீட்டில் யாரையும் கேட்டுக் கெஞ்ச வேண்டியதில்லையாம். மிச்சமிருந்த ஒரு கட்டியை வாங்கி மோந்து பார்த்தேன். எதையும் மோந்து பார்க்காவிட்டால் எனக்கு ஆகாது. லேசாகக் கூனிப்பொடி வாசம். அவ்வளவுதான், மனசு பாலக்கரையில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக்குப் போய்விட்டது.

கூனிப்பொடி என்றால் காய்ந்த பொடி இறாலை இடித்த தூள். அறுபதுகளில் என் இரண்டு தங்க மீன்களுக்கும் அதுதான் ஆகாரம், கூடக் கொஞ்சம் நொறுக்கிய சேமியா. தொட்டியைச் செய்து கொடுத்தவர் பெரிய கடைவீதியில் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடுகிறவர். மீன் தொட்டியெல்லாம் அவர் செய்ததே கிடையாது. முடித்துவிட்டு, இதற்குள் எந்தச் சாமியை வைக்கப் போகிறீர்கள் என்று நிஜமாகவே கேட்டார். மீன்கள் மெட்ராஸிலிருந்து ஊறுகாய் பாட்டிலில் ரயிலேறி வந்தவை. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், பாவம்.

நான் அப்போது கன்டோன்மென்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. திண்டுக்கல்லில் நான் இருந்தது எட்டே மாதம். அவர் பேசியது கொஞ்சம். கை நீட்டியது ஒரே ஒரு தடவை. எனக்கு அந்த ஒரு தடவை போதுமாக இருந்தது.

அப்பா இல்லாத வீடு. எதையும் முடிவு செய்கிறவர் பெரியப்பா. அந்த மே மாதம் அவர் திண்டுக்கல் போய்ப் பேசிவிட்டு வந்தார். லீவு போட்டுவிட்டுப் பத்து நாள் இருந்து பார்க்கட்டும் என்றார். இருந்து பார்க்கட்டும் என்பது பேச்சுக்கு. அங்கேயே இருந்துவிடட்டும் என்பதுதான் எல்லோர் மனசிலும். அம்மா மனசிலும்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி இருந்தேன். ஆபீஸில் கொடைக்கானல் போவதாகச் சொன்னேன். முழுப் பொய் இல்லை, கொடைக்கானலுக்குத் திண்டுக்கல் வழியாகத்தானே போக வேண்டும்.

எனக்கு இருந்த கவலையெல்லாம் மீன்கள்தான். மே மாதத்துத் திருச்சி உங்களுக்குத் தெரியும். தண்ணீரே கொதிக்கும். தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி நிழலில் வைத்தேன். குழாய்த் தண்ணீரை மண்பானையில் இரண்டு நாள் வைத்து, மருந்து வாடை போனபிறகு பாதித் தண்ணீர் மாற்றினேன். இன்னொரு பானை நிரப்பி வைத்து, தண்ணீர் குறைந்தால் இதிலிருந்து ஊற்று என்று அம்மாவிடம் சொன்னேன். மேலே போட ஈரச்சாக்கு. எல்லாம் ஆயிற்று. தீனி மிச்சம்.

தீனிதான் பெரிய பாடு. ஏனென்றால் போடப் போவது அம்மா. அவளுக்கு யாருக்கும் குறைவாகப் போடத் தெரியாது. வீட்டுக்கு வந்த தபால்காரருக்கு மோர் கொடுத்தால்கூட ஒரு சொம்பு. மீனுக்கு அப்படிப் போட்டால் தண்ணீர் கெட்டு இரண்டே நாளில் மிதக்கும். அதனால் நாளைக்கு ஒரு சிட்டிகை என்று அளந்து பொட்டலம் கட்டினேன். ஆபீஸில் தப்பாக அடித்து வீணான தாள்கள்தான் காகிதம். எதைப் பிரித்தாலும் உள்ளே ஒரு 'டியர் சார்' இருக்கும்.

நான் மடித்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எதுக்கும்மா இதெல்லாம்? மீனை யாருக்காச்சும் குடுத்துட்டு நிம்மதியாப் போ."

"பத்து நாள்தானே பெரியப்பா" என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். நான் பத்தாவது பொட்டலத்தை மடித்துத் தேதி எழுதினேன்.

திண்டுக்கல்லில் யாரும் என்னைக் கொடுமை செய்யவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மாமியார் பீரோ சாவியைக்கூடக் கொடுத்தார். நான் சாப்பிட்டேன், தூங்கினேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். பத்தாம் நாள் காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது புருஷன் பேப்பரிலிருந்து நிமிராமல் கேட்டார்: "வேலையை விடறதா எப்ப எழுதிப் போடப் போற?"

"இன்னையோட மீனுக்குத் தீனி முடியுதுங்க. நான் போகணும்."

"மீனா?" என்று சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஆபீஸுக்காகக் கொடைக்கானல் பிளம்ஸ் ஒரு கூடை வாங்கினேன் பாருங்கள், அந்த நிலையிலும்! 'மீனுக்காகப் புருஷனை விட்டவள்' என்று எங்கள் தெருவில் ரொம்ப நாள் பேச்சு இருந்தது. மறுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டியிடம்தான் போனேன். இரண்டும் கொஞ்சம் மெலிந்து, உயிரோடு இருந்தன. பக்கத்தில் டப்பாவில் ஐந்து பொட்டலம் அப்படியே இருந்தது. அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"தினம் போடலையாம்மா?"

"போட்டேன். பாதி பாதியாப் போட்டேன்."

ஏன் என்று கேட்டேன். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நீ அங்கயே இருந்துட்டா, இதுங்களாவது எங்கிட்ட இருக்கட்டும்னுதான். தீந்துட்டா எவ்வளவு போடறதுன்னு எனக்கு யாரு சொல்லுவா?"

யாருக்கும் குறைத்துப் போடத் தெரியாதவள். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. அம்மாதான் டப்பாவிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "இன்னிக்கு முழுசாப் போடு" என்றாள். அதற்குப் பிறகு பெரியப்பா எத்தனை தடவை திண்டுக்கல் பேச்சை எடுத்தாலும் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

மீன்கள் அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தன. தொட்டியின் கண்ணாடிகளை ஒட்டப் பூசியிருந்த பட்டி விட்டுப்போய் ஒழுக ஆரம்பித்ததும் தூக்கிப் போட்டோம். பாலக்கரை வீடு இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. அம்மா இருந்தவரை, நான் ஒரே ஒரு நாள் தஞ்சாவூர் போனாலும் வாசலில் நின்று, "என்னிக்கு வர்ற?" என்று கேட்பாள். சலித்துக்கொண்டுதான் பதில் சொல்வேன்.

போன மாதம் நாலு நாள் என்று நினைத்து, கேட்க ஆளில்லாத வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டூரில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டேன். நாள்காட்டியில் தாளைக் கிழிக்கும்போதுதான் ஒன்பது நாள் ஆகியிருப்பது எனக்கே தெரிந்தது.