ஜனக்புரி பான் கடைக் கயிறு

சிகரெட்டை விட்டுப் பத்தொன்பதாவது நாள். அதுவரை ஆபீஸ் முழுக்கத் தம்பட்டம் அடித்த நான், அன்று பதற்றத்தில் பென்சிலை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் தேடினேன். நாங்கள் குடியிருக்கும் சரோஜினி நகரில் வாங்கினால் கடைக்காரரே என் மனைவியிடம் சொல்லிவிடுவார். அதனால் ஒரே ஒரு சிகரெட்டுக்காக பஸ் ஏறி ஊரின் மறுகோடியிலுள்ள ஜனக்புரி போனேன்!

அங்கே பான் கடையில் ஒன்றை வாங்கி, பற்றவைப்பதற்காகத் தொங்கிய கனல் கயிற்றைப் பிடித்தேன். மறுபக்கத்திலிருந்து இன்னொரு கையும் அதைப் பிடித்தது. நிமிர்ந்தால், என்னோடு அதே நாளில் சத்தியம் செய்து சிகரெட்டை விட்ட மாடி வீட்டு ராகவன்!

"ஓய், இங்க என்ன பண்றீர்?" என்றேன்.

"கயிறு நன்னா எரியறதான்னு பார்க்க வந்தேன். நீர்?"

"நானும் அதுக்குத்தான்."

"பாய்சாப், ஜல்தி!" என்று கடைக்காரர் அவசரப்படுத்தினார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு சிகரெட்டையும் அவரிடமே கொடுத்துவிட்டு, வேர்க்கடலை கொறித்தபடி ஒரே பஸ்ஸில் திரும்பினோம்.

தனியாக வீரம் காட்டியதுதான் என் தப்பு என்று அன்று புரிந்தது. இப்போதெல்லாம் ஆசை வந்தால் மாடிப்படி ஏறி ஓடுகிறேன். பாதி நாள், ராகவன் எதிரே இறங்கி ஓடி வருகிறார்.