வாத்தியார் வீட்டு வாசல் விளக்கு

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தெருமுனையில் எட்டுக்கு ஆறு அளவில் ஒரு கடை. ஒரு நகல் இயந்திரம், ஒரு லேமினேஷன் பெட்டி, உட்கார ஒரு முக்காலி. இருபது வருடமாக அந்தத் தெருவின் பிறப்பு, படிப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அவள் கையால் இரண்டு பிரதி எடுக்கப்பட்ட பிறகுதான் அரசாங்க அலுவலகத்துக்குப் போயிருக்கின்றன. கையில் அகப்பட்டதையெல்லாம் லேமினேட் பண்ணிவிடுவாள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. "எங்க வீட்டுக்காரர மட்டும்தான் இன்னும் பண்ணல. மெஷின்ல நுழைய மாட்டேங்கறாரு" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டுக்காரர் லைன்மேன். பேச்சு குறைவு. எதையும் எழுதி வைக்கிற ஆள். புயல் காலத்துக்கென்று அவர் எழுதிய பட்டியல் ஒன்று, பதினேழு வரி, மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அவள் லேமினேட் பண்ணியதுதான், வேறு யார். குடங்களில் தண்ணீர் பிடிப்பது, மொட்டை மாடியில் பறக்கக்கூடியதையெல்லாம் கீழே இறக்குவது, டார்ச்சுக்கு செல், ஜெனரேட்டருக்கு பெட்ரோல், அவள் அத்தை என்று கூப்பிடுகிற மாமியாரின் மாத்திரைகளை டப்பாவில் போட்டு உயரத்தில் வைப்பது என்று போகும். பன்னிரண்டாவது வரிக்கு மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடு. 'கரண்ட் போனதும் மெயினை இறக்கு. சிவப்பு நாடா கட்டு. நான் வந்துதான் அவிழ்ப்பேன்.'

இந்த ஒரு வரியை அவர் தெருவுக்கே சட்டமாக்கியிருந்தார். யாராவது ஒரு வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு மெயினை இறக்க மறந்தால், அந்தக் கரண்ட் வெளியே பாய்ந்து கம்பத்தில் ஏறியிருக்கிறவனைக் கொன்றுவிடும். அப்படித்தான் அவருடைய கூட்டாளி ஒருவன் போனான். ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் ஜெராக்ஸ் அக்கா பன்னிரண்டாவது வரியை மட்டும் பெரிய எழுத்தில் நாற்பது பிரதி எடுத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவாள். தெருவும் தட்டாமல் கேட்கும். கம்பத்தில் ஏறுகிற மனிதர் சொன்னால் யாருக்குத்தான் கேட்காமல் இருக்க மனசு வரும்?

இந்த முறை ஒரே ஒரு வீட்டுக்குக் கொடுக்கவில்லை. எதிர்வீடு. அங்கே யாரிடம் கொடுப்பது?

எதிர்வீட்டில் கணக்கு வாத்தியார் இருந்தார். தனி ஆள். நாலு மாதத்துக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து மகன் வந்தான், காரியங்களை முடித்தான், அவசர அவசரமாகப் பூட்டிக்கொண்டு விமானம் ஏறினான். வாசல் விளக்கை அணைக்க மறந்துவிட்டான். அன்றிலிருந்து அந்த விளக்கு ராப்பகலாக எரிந்துகொண்டே இருந்தது. பட்டப்பகலில், உச்சி வெயிலில், பூட்டிய கதவுக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு. பொல்லாத தெரு அது. ஒரு வாரத்தில் அதையும் கேலியாக்கிவிட்டது. கரண்ட் போனால் "வாத்தியார் போயிட்டாரு" என்பார்கள். வந்தால் "வாத்தியார் வந்துட்டாரு."

ஜெராக்ஸ் அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கடையை அடைத்துவிட்டு வரும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வருவாள். பல்புக்குக் கீழே அவருடைய நாற்காலி அப்படியே கிடந்தது. எப்போது பார்த்தாலும், இப்போதுதான் எழுந்து உள்ளே போனார் என்பது மாதிரி இருக்கும்.

"கம்பத்துல ஏறி அந்த வீட்டு ஒயரை வெட்டி விடுங்களேன். உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை" என்று நாலு மாதமாக வீட்டுக்காரரை நச்சரித்தாள்.

"நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு நாளைக்குன்னு நாலு மாசம் ஆச்சு."

"நம்ம பொண்ணுக்கு அஞ்சு வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவரு. பாவம், எரிஞ்சுட்டுப் போகட்டுமே."

ஊர் லைனையெல்லாம் வெட்டி ஒட்டுகிறவருக்கு இதை வெட்ட மனசு வரவில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

புயல் கரையேறுவதற்கு முந்தின நாள் மாலையே அவரை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, அம்மாவின் அறையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனார்.

அத்தைக்கு நுரையீரல் பாதி வேலை செய்யாது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஒன்று இரவும் பகலும் ஓடும். 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கும், 'டொக்' என்று விடும். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் வீட்டில் ஏதோ கோளாறாகி மெயின் விழுந்து, யாரும் கவனிப்பதற்குள் அத்தையின் உதடு நீலமாகிவிட்டது. அன்று லைன்மேன் குழந்தை மாதிரி அழுதார். மறுநாளே கம்பத்திலிருந்து வருகிற ஒயரில் நேராகக் கைவைத்து, அம்மாவின் அறைக்கு மட்டும் தனியாக ஒரு லைன் இழுத்தார். "இனி வீட்டுல எது விழுந்தாலும் அம்மா ரூமுல கரண்ட் நிக்காது" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே பெருமைப் பேச்சு அதுதான். பட்டியலில் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

புயலன்று காலை பதினொன்றுக்கு வாத்தியார் போனார். தெரு முழுக்க இருண்டது. ஜெராக்ஸ் அக்கா ஓடிப்போய் மெயினை இறக்கினாள். சிவப்பு நாடாவை இரண்டு முடிச்சாகக் கட்டினாள். காற்று கூரைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தது. எங்கோ தகரம் ஒன்று தெருவோடு உருண்டு போகிற சத்தம். மகள் அத்தைக்கு சிறிய சிலிண்டரைத் திறந்து வைத்தாள். அது நாற்பது நிமிடம்தான் தாங்கும்.

பக்கவாட்டுச் சந்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே, உயரமான மேடைமேல் ஜெனரேட்டர் தயாராக இருந்தது. அதிலிருந்து நீட்டு ஒயரையும் அதன் முனையில் இருக்கிற பிளக் பலகையையும் ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, மெஷினை அதில் சொருக வேண்டும். அது பதினான்காவது வரி. ஆனால் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்த கணமே சாரல் வாரி அடித்தது. பலகை படபடவென்று வெடித்துக் கருகி நாறியது.

வீடு முழுக்கத் தேடியும் வேறு பலகை அகப்படவில்லை. இஸ்திரிப் பெட்டியின் பிளக் ஒன்று மட்டும் இருந்தது. லைன்மேன் பெண்டாட்டிக்கு பிளக் மாட்டத் தெரியாமல் இருக்குமா? கருகிய பலகையை அறுத்தெறிந்துவிட்டு ஒயரின் அந்த முனையிலும் ஒரு பிளக் மாட்டினாள். இரண்டு பக்கமும் பிளக். ஒரு முனையை ஜெனரேட்டரில் சொருகி, மறுமுனையைச் சுவரில் சொருகினால் பக்கத்து பாயிண்டில் இருக்கிற மெஷினுக்குக் கரண்ட் வந்துவிடும்.

அவளுக்குக் கை நின்றது. இந்த ஒயருக்கு லைன்மேன்கள் வைத்த பேர் பாசக்கயிறு. "மெயினை எறக்காம இதச் சொருகினா எங்கள்ல ஒருத்தன் கம்பத்துல தொங்குவான்" என்று அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! மறுபடி போய்ப் பார்த்தாள். மெயின் இறங்கியிருந்தது. நாடா கட்டியிருந்தது. மூன்றாம் தடவையும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் சொருகினாள்.

மெஷின் 'ஸ்ஸ்ஸ்' என்றது. 'டொக்' என்றது. மீதி சிலிண்டரை மூடி வைத்துவிட்டு, தரையிலேயே உட்கார்ந்தாள்.

நாலு மணி வாக்கில் காற்று சட்டென்று நின்றது. படிப்படியாகக் குறையவில்லை, கதவைச் சாத்தினது போல நின்றது. வானம் அழுக்கு மஞ்சளாக இருந்தது. ஒரு நாய் குரைக்கவில்லை, ஒரு குருவி கத்தவில்லை. தெருவில் முழங்கால் தண்ணீர் அசையாமல் நின்றது. எல்லா வீடும் இருட்டு.

அத்தை தலையணையிலிருந்து தலையைத் திருப்பி, ஜன்னல் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தாள். முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"வாத்தியார் வந்துட்டாருடி."

"கரண்ட் வரல அத்தை. பேசாம படுங்க."

"வந்துட்டாருங்கறேன். நீயே பாரு."

அவள் பார்த்தாள். தெரு முழுக்க ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. வாத்தியார் வீட்டு வாசலில் மட்டும் விளக்கு எரிந்தது. காற்றுக்கு நாற்காலி இடம் மாறி, இப்போது நேராக இவர்கள் ஜன்னலைப் பார்த்தபடி நின்றது.

"அம்மா..." என்றாள் மகள். "அந்த லைட் மூச்சு விடுதும்மா."

உண்மைதான். விளக்கு மங்கியது, பிரகாசமானது. மறுபடி மங்கியது, பிரகாசமானது. தூங்குகிற ஒருவரின் நெஞ்சு ஏறி இறங்குகிற மாதிரி, நிதானமாக. ஜெராக்ஸ் அக்கா இருபது வருடமாக எத்தனையோ சாவுச் சான்றிதழுக்கு நகல் எடுத்தவள். வாத்தியாருடையதற்கும் அவள்தான் எடுத்தாள். அந்தத் தாள் இந்த நிமிடம் பொய் என்று தோன்றியது.

அத்தை மெல்ல முகமூடியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். 'ஸ்ஸ்ஸ்' என்று மெஷின் இழுத்தது. எதிரே விளக்கு மங்கியது. 'டொக்' என்றது. விளக்கு பிரகாசமானது.

'ஸ்ஸ்ஸ்.' மங்கியது. 'டொக்.' பிரகாசமானது.

அவள் மெயினைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. நாடா கட்டியபடிதான் இருக்கும். மேலே பார்த்தாள். அத்தையின் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. லைன்மேன் மெயினை இறக்கிவிட்டு வீட்டில் ஏதாவது ரிப்பேர் பார்க்கிற ஒவ்வொரு முறையும் இந்த மின்விசிறி மட்டும் நிற்காமல் சுற்றும். எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்! மெயினைத் தொடாமல் உள்ளே வருகிற கரண்ட், மெயினைத் தொடாமல் வெளியேயும் போகும். நாற்பது வீட்டிலும் மெயினை இறக்கியாகிவிட்டது. இறக்க ஆளில்லாத ஒரே வீட்டில் அது போய் விளக்கேற்றியிருக்கிறது. அப்படியென்றால் நடுவில் கம்பத்துக்குக் கம்பம் ஓடுகிற கம்பியில்...

"சிலிண்டரைத் திற! திறடீ!" என்று கத்திக்கொண்டே சந்துக்கு ஓடினாள். ஜெனரேட்டரை அணைத்தாள். எதிரே விளக்கு அணைந்தது.

சத்தமெல்லாம் நின்ற பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. தெருவின் கடைசிக் கம்பத்தில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணியின் அடியில், தண்ணீரில், மஞ்சள் மழைக்கோட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. தலை குனிந்திருந்தது. அசைவே இல்லை. அந்தக் கோட்டின் முதுகில் போன வருடம் அவள் போட்ட கறுப்புத் துணி ஒட்டு இங்கிருந்தே தெரிந்தது.

அவர் எங்கேயோ ஊரின் மறுகோடியில் வேலையாக இருப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! அவ்வளவு தண்ணீரில் எப்படிப் போனாள் என்று அவளுக்கு நினைவில்லை. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் என்ன செய்வது? நாலடி தூரத்தில் நின்றுவிட்டாள்.

"அணைஞ்சிடுச்சு, பாத்தியா?" என்றது மழைக்கோட்டு.

அவள் அப்படியே தண்ணீரில் மண்டியிட்டாள்.

"டிரான்ஸ்பார்மர்ல பியூஸ் கட்டைய நானே புடுங்கி என் பைக்குள்ள வச்சிருக்கேன்" என்றார், தனக்குத்தானே பேசுவது போல. "லைன் செத்துப்போச்சு. இதுக்கு மேல டெஸ்டர் எதுக்குன்னு ஏறிட்டேன். கை நீட்டிட்டேன். இவ்வளவுதான் இடைவெளி." ஒரு விரலைக் காட்டினார். "அப்பதான் வாத்தியார் வீட்டு லைட் கண்ணுல பட்டுச்சு. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். லைன்ல கரண்ட் இருக்குதுன்னு எனக்கு அப்பகூடத் தோணலை. பேய்னுதான் நெனச்சேன். பயந்துபோய்த்தான் எறங்கினேன்."

"வாத்தியார் இல்லீங்க" என்றாள். "நான்தான்."

வீட்டுக்கு வந்தார்கள். அவர் முதலில் மெயினைப் பார்த்தார். நாடாவின் இரண்டு முடிச்சையும் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மா அறையில், சுவரில் சொருகியிருந்த ஒயரைப் பார்த்தார். அவளைத் திட்டுவார் என்று மகள் கதவோரம் ஒண்டி நின்றாள். அவர் அந்த ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

"நீ எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கே" என்றார் கடைசியில். "ஒரு வரி நான் எழுதல. எழுதினா நான் பண்ண திருட்டு வேலை வெளிய தெரிஞ்சிடுமேன்னு எழுதல."

வெட்டுக்குறடை எடுத்து, தான் இழுத்த லைனைத் தானே வெட்டினார். மெயின் பெட்டியிலிருந்த நல்ல சாக்கெட் ஒன்றைக் கழற்றி, ஜெனரேட்டர் ஒயரின் முனையில் மாட்டி, மெஷினை அதில் சொருகினார். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அவள் கொடுத்த தண்ணீர்ச் சொம்பை மட்டும் அவரால் சிந்தாமல் பிடிக்க முடியவில்லை.

"ஏம்ப்பா, வாத்தியார் போயிட்டாரா?" என்று கேட்டாள் அத்தை.

"ஆமாம்மா. வேலை முடிஞ்சுது, போயிட்டாரு."

"அந்த லைட்ட வெட்டச் சொல்லி நாலு மாசமா உங்க உயிர எடுத்தேனே..." என்று ஆரம்பித்த ஜெராக்ஸ் அக்கா அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. "வாத்தியார் வந்துட்டாரு!" என்று யாரோ கத்த, தெருவே சிரித்தது. அவள் கடையைச் சாத்திவிட்டுத் தலையைக் குனியாமல் நடந்து வந்தாள். எதிர்வீட்டுக் கேட்டைத் தள்ளித் திறந்து உள்ளே போனாள். புயலில் திரும்பிக் கிடந்த நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்து, விளக்குக்குக் கீழே பழைய இடத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.