மறுபடி எண்ணு

டாக்டர் வேதகிரி காலமான செய்தி, செங்கல்பட்டில் மின்சார ரயிலுக்கு நின்றிருந்தபோது வந்தது. போனில் சொன்ன நண்பர் அழுதார். நான் ரயிலில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தேன். நம் மருத்துவமனை நடைப்பயிற்சிப் பிரிவின் பழைய ஆட்கள் நீங்கள் எல்லோருமாக அவரை மகானாக்கிவிடுவீர்கள். அதற்குள் நானும் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

கோணல் நடையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "நேரா நடந்தா சக்தி மிச்சம், கோணினா வீண்" என்பார். போலியோ தாக்கியவர் யார் வந்தாலும், முழங்கால் மடங்காதபடி காலோடு கட்டும் இரும்புச் சட்டம், காலிப்பர்தான். அதை டாக்டர் ஒருநாளும் தன் காலில் கட்டிப் பார்த்ததில்லை. நோயாளிகள் மருத்துவமனை வாசல் டீக்கடையில் அதை மாட்டிக்கொண்டு உள்ளே வருவார்கள்; திரும்பும்போது கழற்றி அங்கேயே ஆணியில் தொங்கவிட்டுப் போவார்கள். இது தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கன்னியம்மா வந்தார். கையால் தொடையை அழுத்தி அழுத்தி நடந்தே மீன் விற்றவர். வெளியூர் போய் விற்க, ஊனமுற்றோருக்கான பஸ் பாஸுக்கு டாக்டரின் கையெழுத்து வேண்டும். காலிப்பர் போட்டால்தான் கையெழுத்து என்றார் டாக்டர்.

"மணல்ல பொதையுது சார். மூச்சு வாங்குது. என் நடையே எனக்குப் போதும்" என்றார் கன்னியம்மா.

பிரிவில் அளவெடுக்கும் வேலை என்னுடையது; டாக்டர் என்னை அளக்கச் சொன்னார். நடக்கும்போது நாடி எவ்வளவு ஏறுகிறது என்று எண்ணி, ஒரு மீட்டருக்கு எத்தனை துடிப்பு கூடுதலாகச் செலவாகிறது என்று கணக்கிட வேண்டும். கன்னியம்மாவின் சொந்த நடையில் செலவு குறைவு, காலிப்பரில் அதிகம்.

"உனக்கு எண்ணத் தெரியல. மறுபடி எண்ணு" என்றார் டாக்டர்.

மூன்று முறை எண்ணினேன், அதேதான் வந்தது. நான்காம் முறை டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். அவருக்கு வேண்டியது வந்துவிட்டது. தாளில் பழைய எண்களை அழித்து எழுதினேன்.

கன்னியம்மா காலிப்பரைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீயே மாட்டிக்கினு நட சார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து இல்லாமல் போனார். பாஸ் இல்லாததால் அதன் பிறகு அவர் கூடையோடு குப்பத்தைத் தாண்டவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பின் டாக்டருக்குப் பக்கவாதம் வந்தது. பார்க்கப் போனேன். ஒரு காலை அரைவட்டமாக வீசி, சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தார். அந்தக் காலுக்குக் கொடுத்த பிளாஸ்டிக் பட்டை கட்டிலுக்கடியில் கிடந்தது.

"அதப் போட்டா களைச்சுப் போகுதுப்பா. எண்ணித்தான் பாரேன்."

எண்ணினேன். பட்டை இல்லாமல்தான் செலவு குறைவு. மறுபடி எண்ணட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்கு? நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

கன்னியம்மாவின் பெயர் அவர் வாயில் வரவில்லை. எனக்கு அன்று வந்த அருவருப்பு இன்னும் போகவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் தாள். நான் அழித்த எண்கள் வெளிச்சத்தில் பிடித்தால் இன்றும் தெரிகின்றன. அதைக் கன்னியம்மாவிடம் காட்டி, உங்கள் நடைதான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குப்பம் செங்கல்பட்டிலிருந்து ஒரு பஸ் தூரம்தான். ஒரு கோணலும் இல்லாத என் இரண்டு கால்களும் இத்தனை வருடத்தில் அங்கே போகவில்லை.