குறைந்தபட்சம் நான்கு பேர்

என் மனைவி என் அக்காவின் மகள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரப்போகும் வம்பு முழுவதும் இதிலிருந்துதான் கிளம்பியது. அக்கா எனக்குப் பதினாறு வயது மூத்தவர். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவது ஊர் கூடிப் பேசுகிற விஷயமில்லை. அக்காவின் கணவர் இறந்த பிறகு அக்காவும் எங்களோடே வந்துவிட்டார். நான், மனைவி, அக்கா, ஐந்து வயது மகள் என்று நான்கு பேர், அறந்தாங்கியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. ஆன்லைன் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பேன். நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தில் வேலைக்குப் போனவர்கள் ஊரில் நிறைய. நான் மட்டும் மூன்று முறை எழுதியும் கிளார்க் வேலைத் தேர்வில் தேறவில்லை. நான்காவது முறை விண்ணப்பித்தபோது அக்கா ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"இந்தத் தடவையும் இல்லேன்னா ஒனக்கு வெளிநாடுதான்டா. அங்கிட்டு ஸ்டோர்ல ஆள் வேணும்னு ஒன் கூட்டாளி எத்தன வாட்டி கேட்டுட்டான். ரெண்டு வருசம் கண்ண மூடிக்கிட்டு இருந்துட்டு வா."

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆள் வளைகுடாவில் இருக்கிறார். மகளுக்கு அப்பாவை போன் திரையில் காட்டிச் சோறூட்டுகிற வீடுகள் இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. என் மகள் அப்படி வளரக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மனைவி என் பாஸ்போர்ட்டை பீரோவில் துணிகளுக்கு அடியில், கை எட்டாத இடத்தில் வைத்தாள். அவள் மனசு எனக்குத் தெரிந்துவிட்டது.

பொது அறிவும் தமிழும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னை ஒவ்வொரு முறையும் கவிழ்த்தது கடைசியில் வருகிற இருபத்தைந்து புதிர்க் கேள்விகள். எண் தொடர், எழுத்துக் குறியீடு, திசை, உறவுமுறை. எண்களைக்கூட மடக்கிவிடலாம். மூன்று, எட்டு, பதினைந்து, இருபத்துநான்கு என்று வந்தால் அடுத்தது முப்பத்தைந்து என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எழுத்துக்கும் ஒரு வழி இருக்கிறது: ஈ, ஜே, ஓ, டி, ஒய் இந்த ஐந்தும் ஐந்தைந்தாக ஏறும் எழுத்துகள், அவற்றை மனப்பாடம் செய்தால் எந்த எழுத்து எத்தனையாவது என்று நொடியில் சொல்லலாம். ஆள் வருகிற கணக்குகளில்தான் எனக்குச் சிக்கல். என் மூளை வெறும் 'அ', 'ஆ' என்ற ஆட்களை ஏற்காது. தெரிந்த முகங்களை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால்தான் கணக்கு ஓடும்.

திசைக் கணக்கில் இது கைகொடுத்தது. 'ஒருவன் வடக்கே நடந்து வலப்புறம் திரும்பினான்' என்றால் நான் எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பிவிடுவேன். வட்ட மேசைக் கணக்கில் காலை வாரியது. ஆறு பேரை உட்கார வைக்கச் சொன்னால், சித்தப்பாவும் பெரியப்பாவும் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாயிற்றே, பக்கத்தில் எப்படி உட்கார்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அதற்குள் நிமிடம் போய்விடும்.

கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்து, மனைவி போனில் நேரம் பார்ப்பாள். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "முடிஞ்சிருச்சு மாமா, அடுத்தது" என்பாள். பள்ளிப் படிப்போடு நின்றவள், ஆனால் புதிரில் என்னைவிடக் கெட்டி. உறவுமுறைக் கணக்கில் நான் தடுமாறுவதைப் பார்த்து ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நம்ம வீட்ட உள்ள இழுக்காதீங்க மாமா. கேள்வி எழுதுனவரு வீட்டுல அக்கா மக கட்டுற பழக்கமே இருக்காது. அவரு என்ன நெனச்சு எழுதியிருப்பாருன்னு மட்டும் பாருங்க."

"நம்ம வீடு என்ன தப்பான வீடா?"

"தப்புன்னு யாரு சொன்னா? மார்க்கு அவரு கையில இருக்குன்னு சொல்றேன்."

அதற்கு முந்தின ஞாயிறுதான் புதுக்கோட்டையில் பயிற்சி வகுப்பில் அவமானப்பட்டு வந்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. வகுப்பெடுத்த சார் பலகையில் கிளை கிளையாக ஒரு குடும்பத்தை வரைந்து, "தாய்மாமன் வேற ஆள், கணவன் வேற ஆள், ரெண்டையும் ஒண்ணாக்கிடக் கூடாது" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். கையைத் தூக்கி, "ரெண்டும் ஒரே ஆளா இருக்கலாமே சார், எங்க வீட்ல நான்தான் ரெண்டும்" என்றேன். வகுப்பு சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பையன், "இன்னுமா அண்ணே இதெல்லாம் நடக்குது, கொழந்தை நல்லாருக்கா?" என்று கேட்டான். கேட்டது கேலியா, அக்கறையா என்றுகூட எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அறந்தாங்கி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் முகம் எரிந்துகொண்டிருந்தது. என் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். அவளைப் பற்றி ஒருவன் அப்படிக் கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

தேர்வு அன்று எனக்கு ஊரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம். அக்கா சாமி கும்பிட்டு நெற்றியில் விபூதி பூசினார். மகள் என் கறுப்புப் பேனாவை எடுத்துக் கையில் கிறுக்கிப் பார்த்து, "எழுதுதுப்பா" என்று சான்றிதழ் கொடுத்தாள். மனைவி வாசல்வரை வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்."

மூன்று மணி நேரத்தில் இருநூறு கேள்விகள். தமிழும் பொது அறிவும் மளமளவென்று போயின. புதிர்ப் பகுதிக்கு வந்தபோது கைவசம் நாற்பது நிமிடம் இருந்தது. அவ்வளவு நேரம் எனக்கு எந்தத் தேர்விலும் மிஞ்சியதில்லை. எண் தொடர்கள் நான்கும் விழுந்தன. எழுத்துக் குறியீடு, கடிகாரம், வேலை நாள் கணக்கு எல்லாம் விழுந்தன. இந்த முறை அடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் குதிக்க ஆரம்பித்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

'ஒரு குடும்பத்தில் ஒரு பாட்டி, இரண்டு தாய்மார்கள், இரண்டு மகள்கள், ஒரு பேத்தி, ஒரு கணவன், ஒரு மனைவி, ஒரு சகோதரன், ஒரு சகோதரி, ஒரு தாய்மாமன் உள்ளனர். அக்குடும்பத்தில் குறைந்தபட்சம் எத்தனை பேர் இருக்க வேண்டும்?' நான்கு, ஐந்து, ஆறு, ஏழு என்று விடைகள்.

மனைவி சொன்னபடி முன்பின் தெரியாத ஒரு வீட்டை எடுத்துக்கொண்டேன். பாட்டி, பாட்டியின் மகள், மகளின் கணவன், பேத்தி. மகளுக்கு ஒரு தம்பி, அவன் பேத்திக்குத் தாய்மாமன். மொத்தம் ஐந்து பேர். வினாத்தாள் ஓரத்தில் ஐந்து என்று எழுதி வட்டமும் போட்டேன். விடைத்தாளில் அதற்கான வட்டத்தைக் கருப்பாக்கப் பேனாவைக் கொண்டுபோனபோது கை நின்றுவிட்டது.

குறைந்தபட்சம் என்றல்லவா கேட்டிருக்கிறார்கள்? என் வீட்டில் அக்காதான் பாட்டி, அக்காதான் ஒரு தாய், அக்காதான் சகோதரி. என் மனைவி இன்னொரு தாய், ஒரு மகள், மனைவி. என் மகள் இன்னொரு மகள், பேத்தி. நான் கணவன், சகோதரன், என் மனைவிக்குத் தாய்மாமன். கேள்வியில் கேட்ட அத்தனை பேரும் இருக்கிறோம். நான்கே பேர். எங்கள் குடும்பத்தைத்தான் எவரோ வாசலில் நின்று எண்ணிப் பார்த்துக் கேட்டது மாதிரி இருந்தது.

எது சரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதற்கு மார்க் விழும் என்பதும் நன்றாகத் தெரியும். உள்ளங்கை வியர்த்து, விடைத்தாள் நனைந்துவிடுமோ என்று கையைப் பேன்ட்டில் துடைத்தேன். மேற்பார்வையாளர் வந்து, "இன்னும் பத்து நிமிசம்தான்" என்றார். இன்னும் நான்கு கேள்விகள் பாக்கி. அவற்றைப் பரபரவென்று முடித்துவிட்டுத் திரும்பவும் இதற்கே வந்தேன். ஐந்து போடு, வீடு போய்ச் சேர் என்று புத்தி சொன்னது. பயிற்சி வகுப்பில் அந்தப் பையன் கேட்டது மறுபடி காதில் விழுந்தது. ஐந்து என்று போட்டால் என் வீடு உலகத்திலேயே இல்லாத வீடு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போலாகும் என்று ஒரு வீம்பு எனக்குள் ஏறியது. ஓரத்தில் எழுதிய ஐந்தை அடித்தேன். நான்கு என்று எழுதினேன். மணி அடிப்பதற்குள் நான்குக்கான வட்டத்தைக் கருப்பாக்கிவிட்டேன்.

வீட்டில் எல்லாம் நன்றாகப் போயிற்று என்றேன். வினாத்தாளை மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

சில நாட்களில் உத்தேச விடைகள் வந்தன. ஐந்துதான். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். போன முறை வேலைக்குக் கடைசியாக அழைக்கப்பட்டவரின் மார்க்கை ஒட்டி, விளிம்பில் நின்றேன். ஆட்சேபணை சொல்ல ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள், அச்சிட்ட புத்தக ஆதாரத்தோடு. எந்தப் புத்தகத்தில் தேடுவது? நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். எல்லாப் புதிர்ப் புத்தகத்திலும் தாய்மாமன் தனியாக, கணவன் தனியாகத்தான் இருந்தார்கள். கடைசியில் எங்கள் குடும்ப அட்டையையும் திருமணப் பதிவுச் சான்றையும் ஸ்கேன் செய்து இணைத்து, ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பினேன். மற்றவர்களுக்கு எத்தனையோ விண்ணப்பம் அனுப்பியவன், அதை அனுப்ப மட்டும் மூன்று முறை பொத்தானில் கை வைத்து எடுத்தேன்.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தேன். அக்கா வாரம் ஒருமுறை, "என்னடா ஆச்சு?" என்பார். மனைவி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அவள் கேட்காதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இறுதி விடையிலும் ஐந்துதான் நின்றது. பட்டியல் வந்த மதியம் கடையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். என் பிரிவில் கடைசியாக அழைக்கப்பட்டவருக்குக் கீழே, ஒரு கேள்வியின் தூரத்தில் நான் இருந்தேன். அந்த ஒன்று சரியாக இருந்திருந்தால் என் எண் பட்டியலில் இருந்திருக்கும். அக்கா எழுந்து போய் என் கூட்டாளிக்குப் போன் போட்டார். அடுத்த அறையிலிருந்து, "விசாவப் பாருப்பா" என்று அவர் சொல்வது கேட்டது.

மனைவி பீரோவைத் திறந்து துணிகளைத் தூக்கினாள். பாஸ்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதோடு அந்த வினாத்தாளையும் வைத்தாள். அந்தக் கேள்வி இருந்த பக்கம் தெரியும்படி மடித்திருந்தாள். ஓரத்தில் நான் வட்டம் போட்ட ஐந்தும், அதை அடித்த கோடும், பக்கத்தில் நான்கும்.

"பரீட்சை அன்னிக்கே பாத்துட்டேன்" என்றாள். "தெரிஞ்சேதானே மாத்துனீங்க?"

பொய் சொல்ல நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்து முடியவில்லை. வகுப்பில் நடந்ததை, அந்தப் பையன் கேட்டதை, மண்டைக்குள் ஏறிய வீம்பை எல்லாம் கொட்டினேன். "ஒன்னையும் பாப்பாவையும் விட்டுக்கொடுக்க மனசு வரலடி. அதான் நாலு போட்டேன்" என்றேன். அவள் உருகிவிடுவாள் என்றுகூட நினைத்தேன், அவ்வளவு மடையன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் உடையவில்லை.

"எங்கள விட்டுக்கொடுக்கச் சொல்லி யாரும் கேக்கல மாமா. ஒரு கேள்விய விட்டுக்கொடுத்திருந்தா போதும். அதுக்கு ஒங்களுக்கு மனசு வரல, எங்கள விட்டுட்டுப் போறதுக்கு வந்துருச்சு."

சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விடுகிற நேரமாயிற்று என்று மகளைக் கூப்பிடப் போய்விட்டாள். இருபது நாளில் திருச்சியில் விமானம் ஏறினேன். அந்த இருபது நாளில் அவள் சொன்னதுதான் சரி என்று ஒருமுறைகூட அவளிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை.