ஏழாவது கேள்விக்கு நான் போட்ட பூஜ்யம்

1. ஏற்பாடு

லாரி ஹாரனை வாங்கி வந்தவன் நான்தான். ரப்பர் பந்து வைத்த பழைய ஹாரன். அழுத்தினால் எருமை கத்துவதைப் போலச் சத்தம் வரும். வினாடி வினாவில் யாராவது தப்பாகப் பதில் சொன்னால் அதை அடிக்க வேண்டும் என்பதும் என் யோசனைதான். அந்த யோசனையில் எனக்கு அவ்வளவு பெருமை.

எண்பதுகளின் தொடக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியில் பம்புகளுக்குத் தகர மூடி செய்யும் ஒரு தொழிற்சாலை. அங்கே பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். வயது இருபத்தேழு. டை கட்ட ஆசை, வெயிலுக்குப் பயந்து கட்டவில்லை.

ஒருநாள் ஃபேக்டரி மேனேஜர் கூப்பிட்டார்.

"ஒரு ஷாப் ஆளு இன்னொரு ஷாப் ஆளோட மூஞ்சி குடுத்துப் பேசறதில்லைய்யா. ரிஜெக்‌ஷன் வந்தா பிரஸ் ஷாப் பெயின்ட் ஷாப்பைக் காட்டுது, அவங்க இவங்களைக் காட்டறாங்க. சேஃப்டி வீக் வருதில்ல? எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சு சிரிக்க வை பாப்போம்."

சிரிக்க வைப்பது என் பொறுப்பு என்று ஆனதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வாரம் மற்ற வேலையை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, அட்டை வெட்டிக் கேள்வி எழுதினேன். சினிமா, கிரிக்கெட், ஊர்ப் பெயர்கள், கடைசியில் சேஃப்டி. ஷாப்புக்கு, அதாவது தொழிற்சாலையின் ஒவ்வொரு பிரிவுக்கும், இரண்டு பேர் வீதம் நான்கு அணி. முதல் பரிசு ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் கேரியர்.

பிரஸ் ஷாப் அணியில் ஒருவர் சூசை. வல்லத்துக்காரர், நாற்பதை நெருங்கியவர், எட்டு வருட சர்வீஸ். அதிகம் பேச மாட்டார். பெயர் கொடுக்கவே தயங்கினார். நான்தான் "சும்மா ஜாலிக்குத்தான், வாங்க" என்று வற்புறுத்திச் சேர்த்தேன்.

2. ஏழாவது கேள்வி

சனிக்கிழமை முதல் ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீனில் போட்டி. முன் வரிசையில் மேனேஜர். அவர் பக்கத்தில் மெட்ராஸ் ஹெட் ஆபீஸிலிருந்து வந்த டைரக்டர். நான் நினைத்ததைவிட நன்றாகவே போயிற்று. பெயின்ட் ஷாப் ஆள் சினிமாக் கேள்விக்குப் பதிலோடு ஒரு ஆட்டமும் போட்டார். ஹாரன் அடித்தபோதெல்லாம் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். டைரக்டரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிரஸ் ஷாப் மட்டும் பின்தங்கி இருந்தது. பாவமே என்று அவர்களுக்காகவே ஒரு சுலபமான கேள்வி வைத்திருந்தேன். ஏழாவது அட்டை.

"பவர் பிரஸ்ஸை ஓட்ட எத்தனை கை வேணும்?"

பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் ஒரே சமயத்தில் இரண்டு கையாலும் அழுத்தினால்தான் மேலே இருக்கும் டை, அதாவது தகரத்தை அழுத்தி வெட்டும் இரும்பு அச்சு, இறங்கும். டை இறங்கும்போது கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி. எனவே விடை இரண்டு.

சூசை மைக்கைப் பிடித்தார். "ஒண்ணு சார்."

கேன்டீன் சிரித்தது. நானும் சிரித்தேன். "நல்லா யோசிச்சு சொல்லுங்க சூசை."

"யோசிச்சுதான் சார் சொல்றேன். ஒரு கை பட்டன்ல. இன்னொரு கை உள்ள, பீஸ எடுக்கறதுக்கு. அடுத்த பட்டன்லதான் ஆப்பு சொருவிக் கீதே."

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. கேள்வி கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஆப்பு விஷயம் எனக்குத் தெரியும். பட்டனில் மரத்துண்டைச் செருகிவிட்டால் அது அழுந்தியபடியே இருக்கும். ஒரு கை மிச்சம். மணிக்கு ஐம்பது பீஸ் கூடுதலாக வரும். செருகச் சொன்னவர் ஃபோர்மேன் கேசவன். தினமும் காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்க பிரஸ் ஷாப்புக்குப் போகிறவன் நான். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மேனேஜர் கேசவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

நான் ஹாரனை அடித்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவையாக அடித்தேன். கேன்டீன் மறுபடி சிரித்தது. அதோடு விட்டேனா? அட்டையைத் தூக்கிக் காட்டி, "சரியான விடை இரண்டு! சூசை, எல்லாருக்கும் கேக்கற மாதிரி மைக்ல சொல்லுங்க" என்றேன்.

அவர் மைக்கை மறுபடி வாய்க்கருகே கொண்டுபோனார். பிறகு "ரெண்டு சார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மார்க் ஷீட்டில் பூஜ்யம் போட்டு, பக்கத்தில் 'தவறு. சரியான விடை விளக்கப்பட்டது' என்று எழுதினேன். எதையும் ஒழுங்காக எழுதி வைக்கிற ஆள் என்று எனக்கு அப்போதே பெயர்.

போகும்போது மேனேஜர் என் தோளைத் தட்டினார். "நல்லா சமாளிச்சேய்யா." அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

3. ஃபைல்

ஒரு வாரம் ஆப்பு இல்லை. பிறகு மாதக் கடைசி வந்தது, டார்கெட் வந்தது, ஆப்பும் வந்தது. பார்த்தேன். அட்டெண்டன்ஸை முடித்துக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பினேன்.

நான்கு மாதம் கழித்து, காலை பத்தரை மணிக்கு, பிரஸ்ஸில் சிக்கி சூசையின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அரசாங்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தபோது பட்டனில் ஆப்பு இல்லை. யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் மேலேயே சார்ஜ் ஷீட் தயாரானது. சேஃப்டி முறையை வேண்டுமென்றே மீறினார், கம்பெனிக்குத் தெரியாமல் பட்டனில் ஏதோ செய்தார் என்று. டைப் அடித்தவன் நான். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்த க்விஸ் பேப்பர் வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். பெருமைக்காக ஃபைல் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கை வேண்டும் என்று இந்தத் தொழிலாளிக்கு எல்லோர் முன்னாலும் சொல்லிக் கொடுக்கப்பட்டது, அவரும் வாயால் திருப்பிச் சொன்னார் என்பதற்கு என் கையெழுத்திலேயே அத்தாட்சி.

4. விசாரணை

விசாரணை அதிகாரி மெட்ராஸிலிருந்து வந்த வக்கீல். கம்பெனி தரப்பு சாட்சி நான். மார்க் ஷீட்டைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா, சரியான விடையை விளக்கினீர்களா என்றார். ஆமாம், ஆமாம் என்றேன். இரண்டும் உண்மைதான்.

பிறகு சூசையிடம் திரும்பி, "சாட்சியை நீங்க ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம்" என்றார்.

சூசை எழுந்து நின்றார். கையில் கட்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யூனியன் ஆள் ஏதோ எழுதிக் கொடுத்திருந்தார். சூசை அதைப் பார்க்கவில்லை.

"சார், டெய்லி காலைல அட்டெண்டன்ஸ் எடுக்க வருவீங்க. எம் மிஷின்ல ஆப்ப நீங்க பாத்ததே இல்லியா?"

"கவனிச்சதில்லை" என்றேன்.

"அன்னிக்கு மைக்ல நான் சொன்னது தப்பா சார்?"

டைப்பிஸ்ட் என் பதிலுக்காக விரலைத் தூக்கியபடி காத்திருந்தார். மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு" என்றேன்.

"அவ்ளோதான் சார்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. யூனியன் ஆள் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் டிஸ்மிஸ் ஆர்டர் போயிற்று. அதையும் நான்தான் டைப் அடித்தேன். எனக்கு அடுத்த வருடம் ப்ரமோஷன்.

வேலை போய்விடும் என்று பயந்துதான் பொய் சொன்னேன் என்று இத்தனை வருடமும் மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அது எடுபடவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் மேனேஜர் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார், அதிகபட்சம் அவ்வளவுதான். ஒரு மனிதரின் பிழைப்பை அதற்காகக் கொடுத்தேன்.

இன்று எச்.ஆரில் இருக்கும் பிள்ளைகள் இம்மாதிரிப் போட்டிகள் நிறைய நடத்துகிறார்கள். நடத்துங்கள், நல்லதுதான். ஆனால் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்டால், வேலை செய்கிறவர் சொல்லும் பதில் உங்கள் அட்டையில் இருக்காது. அப்போது மார்க்கை விட்டுவிட்டு மெஷினைப் போய்ப் பாருங்கள். எங்கள் கேன்டீனிலிருந்து பிரஸ் ஷாப் நாற்பது அடி. மேனேஜரும் டைரக்டரும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க சார், ஒரு நிமிஷம் பாத்துட்டு வந்துடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த இரண்டு விரலும் அவர் கையிலேயே இருந்திருக்கும். அதைச் சொல்லாமல் நான் எட்டாவது அட்டையை எடுத்தேன்.